இழைத்த டூ பை ஃபோர்

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும்போது கீழே இருப்பவன் கேள்வி கேட்கக் கூடாது. வெளியே நின்று குரல் கொடுப்பவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். "முன்னாடி, கால் சுத்து" என்று குரல் வந்தால், "முன்னாடி, கால் சுத்து" என்று பதில் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜாக்கிக் கம்பியில் கை வைக்கலாம். குரல் கொடுப்பவரும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. அக்காவின் கூட்டத்தில் இருந்த சட்டதிட்டம் மொத்தமே இவ்வளவுதான். மீறினால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. தலைக்கு மேலே ஒரு முழு வீடு நிற்கும்போது விளக்கம் தேவைப்படாது.

கூட்டத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையிலேயே அவளுக்குத் தம்பியாகப் பிறந்தவன் ஒருவனும் அதில் இருந்தான். அதனால் அவனுக்கு ஒரு சலுகையும் கிடையாது, திட்டு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அவள் குரல் அப்படி. தெருமுனையில் நின்று அதட்டினால் அடுத்த தெருவில் போகிற சைக்கிள் நிற்கும். பொம்பளை குரல் கொடுத்து நாம கம்பி சுத்துறதா என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களே இப்போது அந்தக் குரலை நம்பி வீட்டுக்கடியில் நுழைந்துகொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கைதான் அவளுடைய முதல். அது போனால் பிழைப்பு போயிற்று.

இந்த முறை தூக்கியது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வீடு. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை. ரோடு போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, கடை வாசல் பள்ளத்துக்குள் போய்விட்டது. மழை பெய்தால் வாடிக்கையாளருக்கு முன்னால் தண்ணீர் வந்து கடையில் உட்கார்ந்துகொள்ளும். சுவர்களை அடியில் வெட்டி, இரும்பு உத்திரம் செருகி, அதற்குக் கீழே வரிசையாக ஜாக்கி வைத்தாயிற்று. முன்சுவரும் பக்கச் சுவர்களும் வக்கீலின் பொறுப்பு. வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். டீயில் சர்க்கரை குறைவு என்பதைக்கூடச் சாட்சி வைத்து வாதாடுகிற ஆள். பின்சுவரின் மூன்று ஜாக்கிகள் தம்பியின் பொறுப்பு. அவனோடு இரண்டு பேர் இருந்தார்கள்.

வீடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இவர்கள் டேப் பிடித்துப் பார்ப்பதில்லை. அடியில் இருட்டு, புழுதி, படுத்தபடி வேலை. எண் எங்கே தெரியப்போகிறது? ஒவ்வொரு ஜாக்கிக்குப் பக்கத்திலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வருவார்கள். ஜாக்கி வழுக்கினால் வீடு அந்த அடுக்கின் மேல் உட்கார வேண்டும், ஆள் மேல் உட்காரக் கூடாது. ஜாக்கி ஏற ஏற, அடுக்குக்கும் உத்திரத்துக்கும் நடுவே இடைவெளி திறக்கும். அதில் இன்னொரு கட்டை நுழைந்ததும், "ஒண்ணு வாங்கிடுச்சு" என்று கீழேயிருந்து சத்தம் வரும். ஒரு கட்டை என்றால் இரண்டு அங்குலம். எல்லா வரிசையும் ஒரே எண்ணிக்கையைச் சொன்னால் வீடு மட்டமாக ஏறுகிறது என்று அர்த்தம். காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் டியூபை நீட்டி மட்டம் பார்ப்பார்கள். நடுவில் கட்டைதான் கணக்கு.

முந்தின நாள் கட்டை பற்றாமல் போயிற்று. வழக்கமாக அக்கா அறுப்பு மில்லுக்குப் போய், ரெண்டு அங்குலம் கனம் வை என்று எதிரிலேயே நின்று அறுத்து வாங்குவாள். இந்தத் தடவை கண்ணாடிக்காரர் குறுக்கே வந்தார். தன் சிநேகிதர் மரக்கடை திறந்திருக்கிறார், போனில் சொன்னால் போதும், வாசலிலேயே இறக்கிவிடுவார் என்றார். அக்கா போனை வாங்கி, "டூ பை ஃபோர், ஒரு லோடு" என்றாள். இரண்டு அங்குலம் கனம், நாலு அங்குலம் அகலம் என்பதற்குக் கட்டட வேலை நடக்கிற இடத்திலெல்லாம் அடிபடுகிற வார்த்தை. இங்கிலீஷில் கேட்டால் கடைக்காரன் ஏமாற்றமாட்டான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. "பரவாயில்லையே, டக்குனு சொல்றீங்களே" என்றார் கண்ணாடிக்காரர். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அதை மறைக்க வக்கீலை எதற்கோ திட்டினாள்.

லாரி பின்சந்தில்தான் நுழைய முடிந்தது. புதுக்கட்டை முழுவதும் பின்சுவரோரம் இறங்கியது. மிச்சமிருந்த பழைய கட்டையை முன்னாலும் பக்கத்திலும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். தம்பி புதுக்கட்டை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது என்னமோ ரொம்ப வழவழன்னு இருக்கு. ஒரு தடவை வந்து பாரேன்."

"பார்த்து என்ன, பொண்ணா எடுக்கப் போறோம்? டூ பை ஃபோர்னா டூ பை ஃபோர்தான். பேசாம அடுக்குடா."

எல்லாரும் சிரித்தார்கள். வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பியின் காது சிவந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவன் அவளிடம் வாய் திறக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது தண்ணீர் வேண்டுமென்றால்கூட எழுந்து போய் எடுத்துக்கொண்டான். கிடக்கட்டும், தானாக வழிக்கு வருவான் என்று அவளும் விட்டுவிட்டாள். அக்காமார்களுக்கு எப்போதும் இருக்கிற திமிர்தான் அது.

மறுநாள் காலையில் டியூப் வைத்துப் பார்த்தபோது மட்டம் சரியாக இருந்தது. வேலை தொடங்கியது. "ஒண்ணு வாங்கிடுச்சு" என்ற சத்தம் பின்னாலிருந்துதான் முதலில் வந்தது. முன்னால் இன்னும் வாங்கவில்லை. "பின்னாடி, பொறு" என்றாள். "பின்னாடி, பொறு" என்று தம்பியின் குரல் திரும்பி வந்தது, ஒரு உணர்ச்சியும் இல்லாமல். முன்வரிசை வாங்கும்வரை பின்வரிசையைக் காக்கவைத்துவிட்டு மறுபடி சுற்றச் சொன்னாள். இரண்டாவது கட்டையையும் பின்வரிசைதான் முதலில் வாங்கியது. மூன்றாவதையும் அப்படியே.

அக்காவுக்கு எரிச்சல் ஏறியது. கோபத்தில் கம்பியைக் கூடுதலாகச் சுற்றுகிறான், தன் வரிசைதான் வேகம் என்று காட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் பின்வரிசையைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி, எண்ணிக்கையைச் சமப்படுத்திக்கொண்டே வந்தாள். நான்காவது கட்டையை எல்லா வரிசையும் வாங்கியபோது பக்கச் சுவரில் டப் என்று ஒரு சத்தம் கேட்டது.

எதிர்ப்பக்கம் நின்றிருந்த கண்ணாடிக்காரர்தான் முதலில் பார்த்தார். "இங்க ஒரு கோடு தெரியுதே" என்றார். பக்கச் சுவரில், பின்சுவரை ஒட்டின மாதிரி, சாய்வாக ஒரு விரிசல். அவர் சொல்லி முடிப்பதற்குள் அது இன்னும் ஒரு முழம் நீண்டது. காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. 

"நிறுத்து" என்றாள் அக்கா. "நிறுத்து" என்று இரண்டு பக்கமும் பதில் வந்தது.

வக்கீல் முன்பக்கத்திலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். கேட்காமலே தண்ணீர் டியூபை எடுத்துப் பிடித்தார். பின்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியிருப்பதாக அது காட்டியது. அக்கா டியூபைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி இருந்தது. குமிழி உட்கார்ந்த டியூப் தப்பாகக் காட்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

"இத நம்பாத. நாலு கட்டைக்கு நாலு கட்டை கணக்கு சரியா இருக்கு. பின்னாடி கூடச் சுத்தியிருக்கானுங்க, சுவரைத் தூக்கிப் பிளந்துட்டானுங்க. காலையிலருந்தே அவனுங்கதான் முந்துறானுங்க."

"அதுக்கும் வாய்ப்பு இருக்கு" என்றார் வக்கீல். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எதிர்வாதம் செய்யவில்லை.

அக்கா தன் இடத்துக்குப் போய் நின்றாள். "பின்னாடி, கால் சுத்து, இறக்கு."

பதில் இல்லை.

"பின்னாடி. கால் சுத்து. இறக்கு."

வீட்டுக்கடியிலிருந்து யாரோ ஊரும் சத்தம் மட்டும் வந்தது. பின்வரிசை ஆட்கள் இரண்டு பேரும் புழுதி மூடிய முகத்தோடு சந்துப்பக்கம் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். "அண்ணன் எங்கள வெளிய போகச் சொல்லிட்டாரு" என்றான் ஒருவன்.

"அவன் எங்க?"

"உள்ளதான். மூலை ஜாக்கிகிட்ட."

அப்போதுதான் தம்பியின் குரல் வந்தது. கத்தவில்லை. ஆனாலும் தெருவில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. "அக்கா, நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். நீ வந்து தொட்டுப் பாரு."

கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. வக்கீல் பக்கத்தில் வந்து, "சின்னப்பய முறுக்கிக்கிட்டு நிக்கிறான். நான் போய் இறக்கிடவா அக்கா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் சந்துப்பக்கம் திரும்பியும் விட்டார்.

சரி என்ற வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. சொல்லியிருப்பாள். இத்தனை பேர் முன்னால் சொல்லை மீறினவனை அப்படியே விட்டால் நாளைக்கு யார் இவள் குரலுக்குக் கம்பி சுற்றுவான்? ஆனால் அந்தக் குரல் அவள் காதை விட்டுப் போகவில்லை. கோபத்தில் பேசினால் தம்பியின் குரல் உயரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். இப்போது அது தாழ்ந்திருந்தது. பயந்த குரல். அது புரிந்ததும் அவளுக்கும் பயம் வந்தது. சுவரைப் பற்றி இல்லை, வீட்டைப் பற்றி இல்லை, கண்ணாடிக்காரரைப் பற்றியும் இல்லை. உள்ளே கிடக்கிறவன் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

"யாரும் எதுலயும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, நகரக் கூடாத இடத்தை விட்டு நகர்ந்தாள்.

பின்பக்கமாக நுழைந்து முழங்கையால் ஊர்ந்து போனாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மண் வாயில் புகுந்தது. தலைக்கு மேலே உத்திரம் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. வெளியே நிற்கும்போது இந்தச் சத்தம் கேட்பதில்லை. மூலையில் தம்பியின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. ஒரு வார்த்தை பேசாமல் அவள் விரல்களைக் கொண்டுபோய்ப் பக்கச் சுவரின் பழைய அடுக்கில் வைத்தான். பிறகு தன் அடுக்கில் வைத்தான். கீழேயிருந்து மேலாக இரண்டையும் தடவினாள். நாலாவது கட்டையில் விரல் நின்ற இடம் இரண்டிலும் ஒன்றாக இல்லை. பழைய அடுக்கு ஏறிக்கொண்டே போயிற்று, புது அடுக்கு அதற்கு இரண்டு அங்குலம் கீழேயே முடிந்துவிட்டது.

"இழைச்ச கட்டைக்கா. ஒவ்வொண்ணுலயும் அரை அங்குலம் போயிடுச்சு. நீ இறக்குன்னு சொன்னப்பதான் சந்தேகப்பட்டுத் தடவிப் பார்த்தேன்."

 மரக்கடைக்காரர் ஏமாற்றவில்லை. டூ பை ஃபோர் என்பது மரத்தை அறுக்கும்போது இருக்கிற அளவு. அதற்குப் பிறகு நாலு பக்கமும் இழைத்து வழவழப்பாக்குவார்கள். கனம் ஒன்றரை அங்குலமாகக் குறையும், பேர் மட்டும் அப்படியே இருக்கும். கதவும் அலமாரியும் செய்கிறவர்கள் அது தெரிந்துதான் கேட்டு வாங்குகிறார்கள். வீட்டைத் தாங்குகிற அடுக்குக்குக் கட்டை கேட்கிறவள் அந்த வார்த்தையை எடுத்திருக்கவே கூடாது. எடுத்திருந்தாலும், இழைக்காதது, முழு ரெண்டு அங்குலம் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இடைவெளி ஒன்றரை அங்குலம் திறந்ததுமே பின்வரிசையில் கட்டை நுழைந்திருக்கிறது. அதை அவசரம் என்று நினைத்து அவள்தான் காலையிலிருந்து நிறுத்தி நிறுத்திப் பின்சுவரைப் பள்ளத்தில் விட்டிருக்கிறாள்.

"ஜாக்கியத் தொட்டுப் பாரு" என்றான் தம்பி.

தொட்டாள். தண்டு நேராக இல்லை, சந்துப்பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்து அடுக்கின் வழவழப்பான கட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று லேசாக நழுவியிருந்தன. இன்னும் கால் சுற்று இறக்கியிருந்தால் ஜாக்கி எகிறியிருக்கும். அந்த அடுக்கு சரிந்திருக்கும். பின்சுவர் மொத்தமும் இவன் மேல் வந்திருக்கும்.

"நான் இறக்கச் சொன்னேனேடா."

"ஆமா."

இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

"இப்ப ஏத்தணும்" என்றான் அவன். "கொஞ்சம் கொஞ்சமா, மூணு ஜாக்கியும் மாத்தி மாத்தி. நீ வெளிய போய்க் குரல் குடு. நான் சுத்துறேன்."

"நீ போ. நான் சுத்துறேன்."

"விளையாடாதக்கா. இந்த ஜாக்கி எப்ப எகிறும்னு சொல்ல முடியாது."

"அதனாலதான் சொல்றேன். டியூபத் தட்டிக் குமிழிய வெளியேத்திட்டு, மட்டம் பார்த்துச் சொல்லு. இனிமே கட்டைய எண்ணாத."

"நான் போகமாட்டேன்."

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். "குரல் குடுக்கிறவ நான். வெளிய போய் நில்லுன்னு சொல்றேன். திருப்பிச் சொல்லு."

அவன் அவள் கையை விலக்கப் பார்த்தான், அவள் விடவில்லை. பிறகு, "வெளிய போய் நில்லு" என்றான்.  ஊர்ந்து போகிறபோது அவன் கால் அவள் தோளில் உரசியது. அது வெளிச்சத்துக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரிந்த கட்டைகளைக் கையால் தள்ளி நேராக்கினாள். உத்திரத்துக்கும் அடுக்குக்கும் நடுவே ஆப்புக்கட்டையைச் செருகிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறுக்கினாள். வெளியே அவன் யாரிடமோ டியூபைக் கேட்கிறான், வக்கீல் ஏதோ வாதாடுகிறார், அவன் அதட்டுகிறான். வக்கீல் அடங்கிவிட்டார். பிறகு குரல் வந்தது.

"நடு ஜாக்கி. கால் சுத்து. ஏத்து."

"நடு ஜாக்கி. கால் சுத்து. ஏத்து" என்றாள். கம்பியைப் பிடித்த கை வேர்வையில் வழுக்கியது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சுற்றினாள். ஆப்பை இறுக்கினாள். அடுத்த ஜாக்கிக்கு ஊர்ந்தாள். அங்கே கால் சுற்று, ஆப்பு, மறுபடி ஊர்தல். மூலை ஜாக்கிக்கு வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை அது கிறீச்சிட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. அவள் அசையாமல் கிடந்தாள். செத்தால் சாகிறோம், அவன் வெளியே இருக்கிறான் என்ற நினைப்பு வந்தது. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. நகர்ந்த ஜாக்கி நின்றுவிட்டது. நேராகிக்கொண்டிருக்கிறது என்று தடவிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

எத்தனை சுற்று என்று அவள் எண்ணவில்லை. குரல் வரும், திருப்பிச் சொல்லுவாள், சுற்றுவாள். கீழே இருப்பவனுக்கு அந்தக் குரல் ஒன்றுதான் துணை என்பது இத்தனை நாள் குரல் கொடுத்தவளுக்குத் தெரியவே தெரியாது. அவன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் மட்டம் பார்த்து, விரிசலைப் பார்த்து, பிறகுதான் வாய் திறந்தான்.

"போதும். மட்டம் வந்துடுச்சு."

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டை முழுக்கப் புழுதி. கம்பியிலிருந்து விரலைப் பிரிக்க முடியவில்லை.

"போதும்" என்றான் மறுபடி. பிறகு, "அக்கா?"

அடுத்த நொடி சந்துப்பக்கம் மண் சரியும் சத்தம். அவன் தலைதெறிக்க ஊர்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான். முட்டி, கை, தலை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"எடத்த விட்டு ஏன்டா வந்த?" என்றாள், கரகரத்த குரலில்.

"பதில் வரலயே."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இருமி முடித்துவிட்டு அவள் சொன்னாள். "நேத்து நீ கூப்பிட்டப்பவே நான் வந்து தொட்டுப் பார்த்திருக்கணும். தப்பு என்னுதுதான்."

 பரவாயில்லக்கா என்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் அப்படிச் சொல்லவில்லை.

"இத இங்க சொல்லாத. நேத்து எல்லார் முன்னாடியும்தான கேலி பண்ணின? அங்க வந்து சொல்லு."

அவளுக்குச் சுருக்கென்றது. நியாயம்தான் என்பதும் தெரிந்தது. வெளியே வக்கீல் இருக்கிறார், கண்ணாடிக்காரர் இருக்கிறார், இவள் சொல்லுக்குக் கம்பி சுற்றுகிற அத்தனை பேரும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் சொன்னால் நாளைக்கு எத்தனை பேர் வேலைக்கு வருவார்கள் என்று தெரியாது. அவனை முன்னால் போகவிடாமல் தானே முதலில் ஊர்ந்தாள்.

வெளிச்சத்தில் கண் கூசியது. கூட்டம் அவளைச் சுற்றி வந்தது. கண்ணாடிக்காரர் தண்ணீர் நீட்டினார், அவள் வாங்கவில்லை. சுவரோரம் கிடந்த புதுக்கட்டை ஒன்றை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி பிடித்தாள்.

"கடைக்காரர் மேல தப்பில்ல. கட்டை மேலயும் தப்பில்ல. டூ பை ஃபோர்னு கேட்டா இழைச்சு ஒன்றரை அங்குலமாத்தான் குடுப்பாங்க. அது தெரியாம வாய்க்கு நல்லா இருக்குன்னு கேட்டது நான். என் தம்பி நேத்தே சொன்னான், நான் கேலி பண்ணினேன். இன்னிக்கி நான் இறக்கச் சொன்னேன். அவன் என் பேச்சக் கேட்டிருந்தா இப்ப அவனத் தோண்டித்தான் எடுத்திருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் தம்பி சந்திலிருந்து வெளியே வந்து, முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைத் திரும்பிப் பார்க்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடிக்காரரிடம் போனைக் கேட்டு வாங்கி, அறுப்பு மில்லுக்குப் போட்டு, "இழைக்காதது, முழு ரெண்டு அங்குலம்" என்றாள்.